98-ல் தொடங்கி 163-ல் நின்ற கணக்கு: கன்சோலும் நானே அசெம்பிள் செய்த கணினியும்

போன சனிக்கிழமை இரவு மூன்று மணி நேரம் விடாமல் விளையாடியும் கணினி நடுவில் தானாக அணையவில்லை. ஞாயிற்றுக்கிழமை இன்னும் நான்கு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். அணையவில்லை. அதற்குப் பிறகுதான் நோட்டை எடுத்துக் கடைசி வரியை எழுதினேன்.

இரண்டு வருடக் கணக்கு அது. 2023 அக்டோபரில் தம்பி டிவியில் மாட்டி விளையாடும் கன்சோல் ஒன்றை வாங்கினான், சோனியின் பிளேஸ்டேஷன் 5 (சுருக்கமாக பிஎஸ் 5). அதே மாதம் நான் ஒரு கேமிங் கணினியைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்க ஆரம்பித்தேன். எது மலிவு என்று எங்களுக்குள் பேச்சு வந்தது. பேசிப் பேசி முடியாது, எழுதி வைப்போம் என்று ஒரே நோட்டில் இடது பக்கம் அவனுக்கு, வலது பக்கம் எனக்கு என்று பிரித்துக்கொண்டோம்.

விலை இடத்துக்கு இடம் மாறும் என்பதால் அன்று அவன் கன்சோலுக்குக் கொடுத்த தொகையை 100 புள்ளி என்று வைத்துக்கொண்டேன். கீழே வரும் எண்கள் எல்லாம் அந்த 100-ஐ வைத்துத்தான். ஒரு பாகம் 8 என்றால் கன்சோல் விலையில் நூற்றுக்கு எட்டு.

முதலில் எல்லாம் புதிதாக வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று பார்த்தேன். பிஎஸ் 5-க்குள் இருப்பது எட்டு கோர் ஜென் 2 பிராசஸரும் 36 கம்ப்யூட் யூனிட் (படம் வரையும் கணக்கைப் போடும் பகுதி) உள்ள ஆர்டிஎன்ஏ 2 கிராஃபிக்ஸும். அதற்குப் பக்கத்தில் வர வேண்டும் என்று 40 யூனிட்டும் 12 ஜிபி நினைவகமும் உள்ள ரேடியான் ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி கிராஃபிக்ஸ் கார்டைத் தேர்ந்தெடுத்தேன். கார்டு 66, ரைசன் 5 5600 பிராசஸர் 27, எல்லாப் பாகத்தையும் இணைக்கும் மதர்போர்டு 20, மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் 16, கேபினட் 11, ஒரு டிபி எஸ்எஸ்டி 11, 16 ஜிபி ராம் 8. மொத்தம் 159. இதில் விண்டோஸ் இல்லை, கீபோர்டு இல்லை, கன்ட்ரோலர் இல்லை.

புதுப் பாகங்களை வைத்துக் கன்சோல் விலையைத் தொட முடியாததற்குக் காரணம் உண்டு. கன்சோல் கம்பெனிகளுக்குப் பெட்டியில் லாபம் முக்கியமில்லை. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கன்சோல் ஒவ்வொன்றை விற்கும்போதும் 100 முதல் 200 டாலர் வரை தங்கள் கையிலிருந்து போகிறது என்று அதன் அப்போதைய தலைவர் ஃபில் ஸ்பென்சர் 2022-ல் வெளிப்படையாகவே சொன்னார். 499 டாலர் பிஎஸ் 5 நஷ்டத்தில் விற்கும் நிலையைத் தாண்டிவிட்டது என்று சோனி சொன்னது 2021 ஆகஸ்டில், அதாவது வெளிவந்து ஒன்பது மாதம் கழித்து. விட்டதை விளையாட்டு விற்பனையில் வரும் பங்கிலும் சந்தாவிலும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு மதர்போர்டு விற்றவருக்கு அப்படி ஒரு வழி கிடையாது. அவர் போர்டிலேயே லாபம் பார்த்தாக வேண்டும்.

சரி, செகண்ட் ஹேண்டில் இறங்கினேன். கார்டு 46-க்குக் கிடைத்தது. 2022 செப்டம்பரில் எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயம் கார்டு தேவைப்படாத முறைக்கு மாறியதும், அந்த நாணயத்தை ஈட்ட (மைனிங்) இரவு பகலாக ஓடிய கார்டுகள் நிறைய விற்பனைக்கு வந்தன. அதனால் ஃபேன் தள்ளாடுகிறதா, ஸ்க்ரூ தலைகளில் கழற்றிய கீறல் இருக்கிறதா என்று பார்த்து, விற்றவர் எதிரிலேயே இருபது நிமிடம் முழு லோடில் ஓட்டி வாங்கினேன். பிராசஸர் 24. பழைய பி450 மதர்போர்டு ஒன்று 9. ராமும் எஸ்எஸ்டியும் மட்டும் புதிது, 8-ம் 11-ம். கேபினட், எஸ்எம்பிஎஸ், மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் என் பழைய கணினியிலிருந்து. அந்த ஐந்து வரிகளிலும் பூஜ்யம் என்று எழுதினேன்.

கூட்டினால் 98. கன்சோலை விட இரண்டு புள்ளி குறைவு! அன்று எனக்கு இருந்த சந்தோஷம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்தப் பூஜ்யங்கள்தான் பின்னால் அதிகம் செலவு வைத்தன.

முதல் நாள் ஸ்விட்சைப் போட்டதும் ஃபேன் எல்லாம் சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. மானிட்டர் வயரை மதர்போர்டில் செருகியிருந்தேன். 5600 பிராசஸரில் கிராஃபிக்ஸ் கிடையாது என்பதால் அந்த வழியில் படம் வராது. கார்டில் மாற்றிச் செருகினேன், அப்போதும் இருட்டுதான். பிரச்சினை போர்டின் பயாஸ், அதாவது கணினி எழும்போது முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்த மென்பொருள். பி450 போர்டுகள் 2018-ல் வந்தவை, ரைசன் 5 5600 வந்தது 2022 ஏப்ரலில். பயாஸைப் புதுப்பிக்காவிட்டால் போர்டுக்கு இந்தப் பிராசஸர் யாரென்றே தெரியாது. நல்ல வேளையாக, பிராசஸர் வேலை செய்யாமலே பயாஸ் ஏற்றும் பொத்தான் என் போர்டின் பின்பக்கம் இருந்தது. பென்டிரைவை ஃபேட்32-க்கு ஃபார்மட் செய்து, கோப்புக்குக் கையேட்டில் சொன்ன பெயரை அப்படியே வைத்து, குறிப்பிட்ட யுஎஸ்பி துளையில் செருகிப் பொத்தானை அழுத்த வேண்டும். சின்ன விளக்கு மினுக்க ஆரம்பித்தது. ஆறு நிமிடம் மினுக்கியது. அது நிற்கும் வரை கையை எடுத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுவில் மின்சாரம் போனால் போர்டு எழாமல் போகலாம். செகண்ட் ஹேண்டில் பி450 வாங்குகிறவர்கள் அந்தப் பொத்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இல்லையென்றால் பழைய ரைசன் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்க வேண்டியிருக்கும்.

ராமில் இன்னொரு தவறு. இரண்டு குச்சிகளையும் பிராசஸருக்குப் பக்கத்தில் இருந்த முதல் இரண்டு துளைகளில் செருகிவிட்டேன். நான்கு துளை உள்ள போர்டில் பெரும்பாலும் இரண்டாவதும் நான்காவதும்தான் சரி. அப்போதுதான் ராமுக்குப் போகும் இரண்டு பாதையும் (சேனல்) சேர்ந்து ஓடும். அதோடு 3200 வேகம் என்று வாங்கிய ராம் 2133-லேயே ஓடிக்கொண்டிருந்தது. பயாஸில் ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பைப் போட்டதும்தான் 3200 வந்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. இரண்டையும் சரிசெய்ததும் ஒரே காட்சியில் நொடிக்கு 52 ஆக இருந்த ஃபிரேம் (திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) 61-க்குப் போனது. ஒரு காசு செலவில்லை.

விண்டோஸ் விஷயத்தில் என் கணக்கு தப்பு. பழைய கணினியின் லைசென்ஸ் அப்படியே வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அது கணினியோடு சேர்ந்து வந்த லைசென்ஸ். பழைய மதர்போர்டோடு கட்டுண்டது. போர்டு மாறியதும் ஏற்க மறுத்துவிட்டது. இரண்டு மாதம் இலவச இயங்குதளமான லினக்ஸில் ஓட்டினேன். விளையாட்டு விற்கும் ஸ்டீமில் உள்ள, விண்டோஸ் விளையாட்டை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் வழியாக, தனியாக விளையாடும் விளையாட்டுகள் கிட்டத்தட்ட எல்லாமே சரியாக ஓடின. இன்றும் அவ்வளவுதான் விளையாடுவேன் என்றால் லினக்ஸே போதும். ஆனால் நண்பர்களோடு ஆன்லைனில் ஆடும் விளையாட்டில் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸை உள்ளே விடவில்லை. கடைசியில் லைசென்ஸ் வாங்கினேன், 27. அப்புறம் கன்ட்ரோலர் ஒன்று, 12. பழைய அறையில் இணையக் கேபிள் இழுத்திருந்தேன், இப்போது இருக்கும் அறையில் இல்லை. வைஃபை அடாப்டர் 4. தம்பியின் பெட்டியில் வைஃபையும் கன்ட்ரோலரும் எச்டிஎம்ஐ வயரும் அந்த 100-க்குள்ளேயே வந்திருந்தன.

இனி அணைந்துபோகும் கதை. இதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன்.

முதல் ஒன்றரை வருடம் பழைய விளையாட்டுகள்தான் அதிகம். கணினி ஒழுங்காக ஓடியது. அதற்குப் பிறகு கார்டை முழுதாகப் பிழியும் புது விளையாட்டு ஒன்றைப் போட்டேன். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பட்டென்று அணைந்தது. விண்டோஸ் பழுதானால் வரும் நீலத்திரை இல்லை, எச்சரிக்கை இல்லை. சுவரில் பிளக்கைப் பிடுங்கினால் எப்படியோ அப்படி. திரும்பப் போட்டால் எதுவுமே நடக்காதது போல எழுந்துகொள்ளும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் கெர்னல்-பவர் 41 என்று ஒரு வரி மட்டும். முறையாக மூடாமல் மின்சாரம் போய்விட்டது என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்லாது.

சூடுதான் என்று முடிவு கட்டினேன். பழைய கேபினட்டின் முன்பக்கம் முழுக்க மூடிய தகடு. இரண்டு ஃபேன் வாங்கிப் போட்டேன், 4 புள்ளி. பிராசஸரின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினேன். பிராசஸர் 82 டிகிரியிலிருந்து 71-க்கு இறங்கியது. கணினி அதே பத்து நிமிடத்தில் அணைந்தது. கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். ராமை இரவு முழுக்கச் சோதனைக்கு விட்டேன், நான்கு சுற்றிலும் ஒரு பிழை கூட இல்லை. கார்டு விற்றவர் மேல் சந்தேகம் வந்தது. அவரிடம் கொஞ்சம் கோபமாகவே பேசினேன். பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

துப்புக் கொடுத்தது ஒரு சின்னச் சோதனை. விளையாட்டின் அமைப்பில் தரத்தை ஒரு படி குறைத்து, ஃபிரேமை 60-க்கு மேல் போகாதபடி கட்டினேன். ஒரு மணி நேரம் ஓடியது, அணையவில்லை. கட்டை அவிழ்த்தேன், பன்னிரண்டாவது நிமிடத்தில் அணைந்தது. மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தும் அப்படியே. வெப்பநிலை இரண்டிலும் பாதுகாப்பான அளவில்தான் இருந்தது. மாறியது கார்டு இழுக்கும் மின்சாரம் மட்டும்.

பக்கத் தகட்டைக் கழற்றினேன். இந்தக் கார்டுக்கு 8 ஊசி ஒன்று, 6 ஊசி ஒன்று என்று இரண்டு மின் இணைப்பு வேண்டும். என் பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் 8 ஊசி ஒன்றுதான் இருந்தது. மற்றதற்கு ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் நான்கு ஊசி மோலக்ஸ் பிளக்கிலிருந்து ஒரு மாற்று வயர் போட்டிருந்தேன். அணைந்த உடனே அந்த இணைப்பை இரண்டு விரலால் பிடித்தேன். பிடித்து வைக்க முடியவில்லை. பிரித்துப் பார்த்தால் பிளக்கின் வெள்ளை பிளாஸ்டிக், மஞ்சள் வயர் நுழையும் மூலையில் மட்டும் பழுப்பேறியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் லேசான கருகல் வாடை. இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

பிறகுதான் எஸ்எம்பிஎஸ்ஸை வெளியே எடுத்து அதன் ஸ்டிக்கரைப் படித்தேன். மேலே பெரிதாக 500 வாட். கீழே சின்ன எழுத்தில் 12 வோல்ட் பக்கம் 30 ஆம்பியர். 12-ஐ 30-ஆல் பெருக்கினால் 360 வாட்தான். கணினியில் பிராசஸரும் கார்டும் தின்பது பெரும்பாலும் அந்த 12 வோல்ட் பக்கம்தான். கார்டு மட்டும் 230 வாட்டுக்கு வடிவமைத்தது. பிராசஸரையும் மற்றதையும் சேர்த்தால் 300-ஐத் தாண்டிவிடும், கண நேரத்துக்குக் கார்டு எகிறும்போது 360-ஐயும் தாண்டும். ஸ்டிக்கரைப் படிக்க ஒரு நிமிடம் போதும். அதை இரண்டு வருடத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டும். பூஜ்யம் என்று எழுதும்போது அந்தப் பெட்டிக்கு எட்டு வயது என்பதையும் நான் யோசிக்கவில்லை.

புது எஸ்எம்பிஎஸ் 650 வாட், 12 வோல்ட் பக்கம் 54 ஆம்பியர். விலை 16. மாற்ற ஒன்றரை மணி நேரம் பிடித்தது. நான்கு ஸ்க்ரூ, 24 ஊசி பெரிய பிளக், பிராசஸருக்கு 8 ஊசி, கார்டுக்கு 8-ம் 6-ம் தனித்தனி வயராக. ஒரே வயரின் இரண்டு தலையைக் கார்டில் செருகாமல் இரண்டு வயரை இழுத்தேன். இது வயரைக் கழற்றி மாட்டும் வகை. வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸின் வயர் இதில் அழகாகப் பொருந்தும், ஆனால் உள்ளே ஊசி வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பழைய வயரை மிச்சம் பிடிக்கப் போனால் எஸ்எஸ்டி, போர்டு எல்லாம் போகும். பெட்டியோடு வந்த வயரை மட்டும்தான் போட வேண்டும்.

மீட்டர் வைத்தும் அளந்தேன். அதே விளையாட்டு, அதே காட்சி. கணினி 345 வாட், ஃபிரேமை 60-ல் கட்டினால் 235. தம்பியின் கன்சோல் 205. திரையைச் சேர்க்கவில்லை. வாரம் பத்து மணி நேரம் என்றால் வருடத்துக்கு 520 மணி நேரம். கட்டாமல் ஓட்டினால் அவனை விட நான் 73 யூனிட் அதிகம் எரிக்கிறேன், கட்டி ஓட்டினால் 16 யூனிட்டுக்குள் முடிகிறது. இப்போது நிரந்தரமாகக் கட்டியே வைத்திருக்கிறேன்.

நோட்டில் வலது பக்கத்தின் கூட்டுத்தொகை: முதலில் போட்ட 98, விண்டோஸ் 27, கன்ட்ரோலர் 12, வைஃபை 4, ஃபேன் 4, பேஸ்ட்டும் அந்த மாற்று வயரும் 2, எஸ்எம்பிஎஸ் 16. ஆக 163.

இடது பக்கமும் 100-ல் நிற்கவில்லை. நண்பர்கள் வந்தால் விளையாட இரண்டாவது கன்ட்ரோலர், 14. கன்சோலில் 825 ஜிபி என்று போட்டிருந்தாலும் விளையாட்டுக்குக் கிடைப்பது 667 ஜிபிதான். ஆறே மாதத்தில் நிரம்பிவிட்டது. ஒரு டிபி எஸ்எஸ்டி வாங்கி உள்ளே போட்டான், 15. காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுகளை ஆன்லைனில் ஆடப் பெரும்பாலும் சந்தா கட்டியாக வேண்டும். இலவச விளையாட்டுகளுக்கு வேண்டாம், ஆனால் அவன் ஆடுவது காசு கொடுத்து வாங்கியவை. சந்தா வருடத்துக்கு 16, இரண்டு வருடத்துக்கு 32. மொத்தம் 161.

இரண்டு வருடத்தில் 161-ம் 163-ம். இரண்டு பேரும் இரண்டு முறை கூட்டிப் பார்த்தோம்.

விளையாட்டுகளைச் சேர்த்தாலும் பெரிய வித்தியாசம் வரவில்லை. கணினியில் விளையாட்டு மலிவு என்று எல்லோரும் சொல்வார்கள். தள்ளுபடிக்குக் காத்திருந்தால் உண்மைதான், பதினான்கு விளையாட்டுக்கு நான் கொடுத்தது 47. ஆனால் டிஸ்க்கின் பலத்தை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன். அவன் ஒன்பது டிஸ்க் வாங்க 104 கொடுத்தான், அவற்றில் ஏழு டிஸ்க்கை விற்று 49 திரும்ப எடுத்தான். கையிலிருந்து போனது 55. புது விளையாட்டை வந்த வாரமே ஆடி முடித்துவிட்டு விற்பது அவன் வழக்கம். அந்த மாதிரி ஆட்களுக்கு டிஸ்க் போடும் கன்சோலை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. டிஸ்க் இல்லாத மாடலை அவன் வாங்கியிருந்தால் இந்த வரி முழுக்க மாறியிருக்கும். சந்தாவில் மாதாமாதம் வரும் விளையாட்டுகளும் அவனுக்கு உண்டு, ஆனால் சந்தா நின்றால் அவை பூட்டிக்கொள்ளும்.

மூன்றாவது வருடம் அவனுக்கு இன்னொரு 16 ஏறும், எனக்கு ஏறாது. ஆனால் என் பக்கத்தில் இன்னும் நான்கு வரி பூஜ்யமாகவே நிற்கிறது. கேபினட், மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எதுவும் இல்லாமல் ஒருவர் ஆரம்பித்தால் குறைந்தது 41 சேரும். என் 163 அவருக்கு 204. தம்பி வீட்டில் இருந்த டிவியில் மாட்டினான், அதுவும் பூஜ்யம்தான். டிவியும் இல்லாதவருக்கு அவன் கணக்கும் உதவாது. எது மலிவு என்று யாராவது கேட்டால் இப்போது நான் திருப்பிக் கேட்பது, வீட்டில் ஏற்கனவே என்ன இருக்கிறது, அதற்கு எத்தனை வயது என்றுதான். வேலைக்கோ படிப்புக்கோ கணினி எப்படியும் வாங்கப்போகிறவர் என்றால் கணக்கே வேறு. அவர் கன்சோலோடு ஒப்பிட வேண்டியது முழுக் கணினியை இல்லை, கார்டையும் கொஞ்சம் பெரிய எஸ்எம்பிஎஸ்ஸையும் மட்டும். என் நோட்டில் அந்த இரண்டும் சேர்ந்து 62.

மறுபடி செய்தால் கார்டை மாற்றுவேன். கன்சோலுக்குச் சமமாக வேண்டும் என்ற பிடிவாதத்தில் 6700 எக்ஸ்டி வாங்கினேன். என் மானிட்டரோ 1080பி, 60 ஹெர்ட்ஸ். கார்டு 100 ஃபிரேம் வரைந்தாலும் திரை காட்டுவது 60 தான். ஆர்எக்ஸ் 6600 போதுமாக இருந்திருக்கும். 132 வாட், ஒரே ஒரு 8 ஊசி, செகண்ட் ஹேண்டில் அப்போது 29. கார்டில் மட்டும் 17 புள்ளி மிச்சம். அதோடு 450 வாட்டில் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்று 11-க்குப் போதும், அதில் இன்னொரு 5. மாற்று வயரும் வேண்டியிருக்காது. 140 பக்கத்தில் முடிந்திருக்கும். வாங்கும் வரிசையையும் தலைகீழாக்குவேன்: முதலில் மானிட்டர் என்ன என்று பார்த்துக் கார்டு, கார்டைப் பார்த்து எஸ்எம்பிஎஸ், மிச்சக் காசில் மற்றதெல்லாம்.

இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் பிஎஸ் 5-இன் விலை 499 டாலரிலிருந்து 549-க்கு ஏறியது. அதனால் என் 100 பழைய 100. அந்த வருடக் கடைசியில் ராம் விலை ஏறிய வேகத்தில் நான் 8 என்று எழுதிய வரி இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. நோட்டின் நடுவில் ஒரு கோடு போட்டு, உங்கள் ஊர் விலையை இரண்டு பக்கமும் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸை யாருக்கும் கொடுக்கவில்லை. வயர்களை வெட்டிவிட்டு மின்னணுக் கழிவில் போட்டேன். புதியதன் பக்கத்தில் மார்க்கரால் வாங்கிய மாதத்தையும், 12 வோல்ட் 54 ஆம்பியர் என்றும் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். தகட்டைத் திறந்தால் முதலில் அதுதான் தெரியும்.